கட்டணப் பங்குப் பரிந்துரை மடல்: சந்தா கட்டும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

கேள்வி இதுதான்: பங்குச் சந்தைக்குப் புதியவர் ஒருவர், கையில் ₹2 லட்சம் வைத்திருக்கிறார். மாதம் ஒன்றிரண்டு பங்குகளைப் பரிந்துரைக்கும் மடல் ஒன்றின் ஆண்டுச் சந்தா ₹12,000. "செபியில் பதிவு பெற்றது", "மூன்று ஆண்டுகளாக ஆண்டுக்கு 38% லாபம்" என்று விளம்பரம் செய்கிறார்கள். (செபி என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு.) நம்பிச் சேரலாமா?

₹2 லட்சத்துக்குச் சேர வேண்டாம். நடத்துபவர் முழுக்க நேர்மையானவராக இருந்தாலும் வேண்டாம். "மடல் நல்லதா" என்று கேட்பதற்கு முன்னால் "என் பணத்துக்கு இந்தக் கட்டணம் தாங்குமா" என்று கேட்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல ஒரு கால்குலேட்டர் போதும்.

₹12,000-க்கு 18% ஜிஎஸ்டி சேர்த்தால் ₹14,160. இது ₹2 லட்சத்தில் 7.08%. ஒரு சாதாரண இண்டெக்ஸ் ஃபண்ட் (ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் ஃபண்ட்) 12% தருகிற ஆண்டில், அதோடு சமமாக நிற்பதற்கே மடலின் பங்குகள் 19%-க்கு மேல் ஏற வேண்டும். ஒரு வருடம் மட்டுமல்ல, ஒவ்வொரு வருடமும். என்எஸ்இ சந்தையின் ஐம்பது பெரிய பங்குகள் கொண்ட நிஃப்டி 50 குறியீட்டின் இண்டெக்ஸ் ஃபண்டில், விநியோகஸ்தர் கமிஷன் இல்லாத நேரடித் திட்டத்தில், ஆண்டுச் செலவு 0.2% அளவில்தான் இருக்கும். அதே ₹2 லட்சத்துக்கு ₹400. முதலீடு ₹5 லட்சமானால் மடலின் சுமை 2.8%. ₹10 லட்சமானால் 1.4%. மடலைப் பின்பற்றிப் போடும் பணத்தில் 1%-க்கு மேல் சந்தா போகக்கூடாது என்பது என் கணிப்பு. அப்படிப் பார்த்தால் இந்த மடலுக்கு ₹14 லட்சத்துக்குச் சற்று மேல் வேண்டும். 1% என்பதும் தாராளம்தான். மியூச்சுவல் ஃபண்ட் மேலாளர் ஏறக்குறைய அதே செலவில் பங்கைத் தேர்ந்தெடுப்பதோடு நிற்காமல் வாங்கி, விற்று, கணக்கும் வைக்கிறார். ஃபண்டுக்குள் அவர் விற்கும் பங்குக்கு நீங்கள் வரி கட்டுவதில்லை. மடலைப் பார்த்து நீங்களே விற்றால், ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20%, அதற்குப் பிறகு விற்றால் நிதியாண்டுக்கு ₹1.25 லட்சத்துக்கு மேலான லாபத்துக்கு 12.5% வரி உண்டு. 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம், செஸ் தனி. அடிக்கடி "விற்று வேறு பங்குக்கு மாறுங்கள்" என்று சொல்லும் மடல் உங்களுக்கு வரியையும் சேர்த்தே வாங்கித் தருகிறது.

இந்தக் கணக்கைத் தாண்டியவர்களுக்குத்தான் மற்ற சோதனைகள் எல்லாம்.

பதிவு எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

இந்தியாவில் பணம் வாங்கிக்கொண்டு "இந்தப் பங்கை வாங்கு, விற்காமல் வைத்திரு" என்று சொல்பவர் செபியின் 2014-ஆம் ஆண்டு ஆய்வாளர் விதிமுறைகளின் கீழ் ரிசர்ச் அனலிஸ்டாகப் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண் ஐஎன்எச் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கி ஒன்பது இலக்கங்களோடு முடியும். ஐஎன்ஏ என்று தொடங்கினால் அவர் முதலீட்டு ஆலோசகர். உங்கள் வருமானம், கடன், வயது, இலக்கு எல்லாம் கேட்டு உங்களுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவர். ஐஎன்இசட் என்பது தரகு நிறுவனம். ஏஆர்என் எண்ணை மட்டும் காட்டுபவர் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர். பங்குப் பரிந்துரைக்குக் கட்டணம் வாங்க அந்த எண் உரிமை தராது. ஜிஎஸ்டி எண், நிறுவனப் பதிவுச் சான்றிதழ், என்ஐஎஸ்எம் (செபி நிறுவிய பயிற்சி நிறுவனம்) தேர்வுச் சான்றிதழ் ஆகியவற்றைக் காட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. அவை எதுவும் செபி பதிவு ஆகாது.

எண்ணை எப்படிச் சரிபார்ப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மடலின் இணையதளத்தில் உள்ள சான்றிதழ்ப் படத்தைப் பார்ப்பது சரிபார்ப்பு அல்ல. செபியின் தளத்துக்கு நீங்களே போய், அங்கீகரிக்கப்பட்ட இடைத்தரகர்கள் பட்டியலில் ரிசர்ச் அனலிஸ்ட் பிரிவைத் திறந்து, அந்த எண்ணைத் தேடுங்கள். எண் கிடைத்ததும் நின்றுவிடாதீர்கள். மோசடிக்காரர்கள் பலர் பொய் எண்ணைப் போடுவதில்லை. வேறொருவரின் உண்மையான எண்ணைத் திருடிப் போடுகிறார்கள். ஆகவே பட்டியலில் உள்ள பெயர், முகவரி, மின்னஞ்சல், பதிவு செல்லுபடியாகும் காலம் நான்கும் உங்களிடம் பேசுபவரோடு பொருந்த வேண்டும். சந்தேகம் இருந்தால் பட்டியலில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுங்கள்: "இந்த வாட்ஸ்அப் எண் உங்களுடையதா?" மடல்காரர் தரும் முகவரிக்கு அல்ல, செபி பட்டியலிலிருந்து முகவரியை எடுத்து எழுத வேண்டும் என்பது முக்கியம்.

அடுத்து, பணம் போகும் கணக்கு. பதிவு பெற்றவர் பெயரிலேயே அது இருக்க வேண்டும். "எங்கள் அக்கவுண்டன்ட் கணக்குக்கு அனுப்புங்கள்", "லிமிட் முடிந்துவிட்டது, இந்த யுபிஐ-க்குப் போடுங்கள்" என்றால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து செபி பதிவு பெற்றவர்களுக்கு '@வேலிட்' என்ற சொல்லோடு வங்கிப் பெயரும் சேர்ந்த தனி யுபிஐ முகவரி வந்திருக்கிறது. 'செபி செக்' என்ற கருவியில் அந்த முகவரியையோ வங்கிக் கணக்கையோ போட்டு உண்மையா என்று பார்க்கலாம். இதற்கெல்லாம் பத்து நிமிடம் போதும்.

இவ்வளவும் பொருந்தினால் என்ன தெரிந்தது? அவர் ஓடி ஒளிய முடியாத ஆள், தணிக்கைக்கும் புகாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பது தெரிந்தது. திறமையானவரா என்பது தெரியவில்லை. செபி பதிவும் என்ஐஎஸ்எம் தேர்வும் லாபத்துக்கு உத்தரவாதம் அல்ல என்று அவர்களே விளம்பரத்தில் எழுதியாக வேண்டும். ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் எல்லாம் நல்ல ஓட்டுநரா என்ன?

அமெரிக்க மடல்களின் விளம்பரம் இப்போது நம் ஊரிலும் வருகிறது. அங்கே நிலைமை வேறு. 1985-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எல்லா வாசகருக்கும் பொதுவாக எழுதப்படும் முதலீட்டு மடல் பத்திரிகை போன்றது, ஆலோசகராகப் பதிய வேண்டியதில்லை என்று தீர்ப்பளித்தது. அதனால் அவற்றில் பதிவு எண் தேடிப் பயனில்லை. உங்கள் புகாரைக் கேட்க இந்தியாவில் அமைப்பும் இல்லை.

"38%" என்ற எண்

கேள்வியில் சொன்ன விளம்பரமே ஒரு தடயம். செபியின் 2023 ஏப்ரல் விளம்பர நெறிகளின்படி, ஆய்வாளர் தன் கடந்தகால லாபத்தை விளம்பரத்தில் காட்டக்கூடாது. அதற்குப் பிறகு, கடந்தகாலச் செயல்பாட்டைச் சரிபார்ப்பதற்கென்றே 'பாரவா' என்ற முகமை முறையை 2025-இல் செபி கொண்டுவந்தது. கேர் ரேட்டிங்ஸ் நிறுவனம் சரிபார்ப்பு முகமை. தரவு மையம் என்எஸ்இ. அந்த முகமை சரிபார்த்த எண்ணாக இருந்தால் காட்டலாம். எனவே "38%" என்று பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது பாரவா சரிபார்த்ததா?" இல்லை என்றால், தெரிந்த விதியையே மீறி வாடிக்கையாளரைப் பிடிக்கிறார் என்று பொருள். தெரியாமல் மீறினார் என்றால் அது இன்னும் மோசம்.

அந்த எண் பொய்யாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. உண்மையான தகவலை வைத்தே அதை உருவாக்கலாம்.

வெற்றி விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "பத்துப் பரிந்துரையில் எட்டு வெற்றி" என்பார்கள். எட்டுப் பங்கில் தலா 5% லாபம் எடுத்துவிட்டு, இரண்டில் தலா 40% நஷ்டம் வந்தால் மொத்தம் 40-இலிருந்து 80 கழிகிறது. பத்துப் பங்கின் சராசரி 4% நஷ்டம். 80% வெற்றி என்பது பச்சை உண்மை. பணம் குறைந்ததும் உண்மை. சின்ன லாபத்தில் விற்றுவிட்டு, சரிந்த பங்கை "நீண்ட காலத்துக்கு வைத்திருங்கள்" என்று பட்டியலின் மூலையில் போட்டுவிட்டால் இந்த விகிதம் தானாகவே அழகாக வரும். ஆகவே முடித்த பரிந்துரைகளின் கணக்கை மட்டும் காட்டினால் ஏற்காதீர்கள். இன்னும் முடிக்காதவற்றின் இன்றைய விலையும் சேர வேண்டும்.

தொடங்கிய தேதி அடுத்தது. நிஃப்டி 50, 2020 மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. 2021 பிப்ரவரியில் 15,000-ஐத் தாண்டிவிட்டது. அந்த மார்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கியவருக்கும் பதினொரு மாதத்தில் பணம் ஏறக்குறைய இரட்டிப்பு. ஒரு மடலின் சாதனைக் கணக்கு 2020 ஏப்ரலில் தொடங்கினால், அதில் எவ்வளவு திறமை, எவ்வளவு சந்தையின் ஏற்றம் என்று பிரிக்காமல் பேசவே முடியாது.

எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பதையும் பாருங்கள். ஸ்மால்கேப் (சிறு நிறுவன) பங்குகளைப் பரிந்துரைத்துவிட்டு நிஃப்டி 50-ஐத் தாண்டிவிட்டோம் என்பது ஒப்பீடே அல்ல. ஸ்மால்கேப் மடலுக்கு நிஃப்டி ஸ்மால்கேப் 250, கலவையான மடலுக்கு நிஃப்டி 500 என்று இணையான குறியீடு வேண்டும். அதுவும் டிவிடெண்டைச் சேர்த்த டிஆர்ஐ வடிவம். மியூச்சுவல் ஃபண்டுகள் 2018 பிப்ரவரி முதல் டிஆர்ஐ-யோடுதான் ஒப்பிட்டுக் காட்டுகின்றன. டிவிடெண்ட் இல்லாத குறியீட்டோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீதம் சும்மாவே கூடுதலாகத் தெரியும்.

கணக்குப் போடும் முறையே தவறாகப் போவதும் உண்டு, தீய எண்ணம் இல்லாமலேயே. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் பியர்ட்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பெண்கள் நடத்திய முதலீட்டுக் குழு, 1984 முதல் 1993 வரை ஆண்டுக்கு 23.4% ஈட்டியதாகச் சொல்லிப் பெரும் புகழ் பெற்றது. 1998-இல் தணிக்கை செய்தபோது உண்மையான எண் 9.1%. உறுப்பினர்கள் மாதாமாதம் போட்ட சந்தாப் பணமும் லாபமாகக் கணக்கில் ஏறியிருந்தது. அதே காலத்தில் எஸ்&பி 500 என்ற அமெரிக்கக் குறியீடு ஏறக்குறைய 15% தந்திருந்தது. பணம் இடையிடையே உள்ளே வரும் எந்தக் கணக்கிலும் எக்ஸ்ஐஆர்ஆர் முறையில் (ஒவ்வொரு தொகையும் போட்ட தேதியையும் சேர்த்து ஆண்டு லாபம் காணும் முறை) பார்க்காமல் சதவீதம் பேசக்கூடாது.

வாட்ஸ்அப், டெலிகிராம் வழி வரும் "இலவச மாதிரி"யில் இருப்பதோ வேறு வித்தை. 6,400 பேருக்குச் செய்தி. பாதிப் பேருக்குப் பங்கு ஏறும் என்றும் மீதிப் பேருக்கு இறங்கும் என்றும் சொல்கிறார்கள். சரியாக வந்த 3,200 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடியும் அதே வேலை. ஐந்து சுற்று முடிந்தால் 200 பேர் மீதி. அந்த 200 பேரும் தொடர்ந்து ஐந்து முறை துல்லியமான கணிப்பைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தவர்கள். அவர்களிடம் ₹50,000 கேட்டாலும் கிடைக்கும். உங்களுக்கு வந்தது சரியாக இருந்தது என்பது, மற்றவர்களுக்கு என்ன போனது என்று தெரியாத வரை, எதற்கும் சான்று அல்ல.

நேர்மையான கணக்கும் ஏன் போதாது

சரி, முழுப் பட்டியலையும் தந்துவிட்டார்கள், டிஆர்ஐ-யோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், ஆண்டுக்கு 5% கூடுதல் வந்திருக்கிறது. இது திறமையா, அதிர்ஷ்டமா?

குறைவான பங்குகள் கொண்ட ஒரு தொகுப்பு குறியீட்டிலிருந்து ஆண்டுக்கு 15% வரை மேலும் கீழும் விலகுவது சாதாரணம். உண்மையிலேயே 5% கூடுதல் தரும் திறமை ஒருவரிடம் இருந்தாலும், அது வெறும் தற்செயல் அல்ல என்று புள்ளியியல் முறைப்படி ஓரளவு உறுதியாகச் சொல்ல எத்தனை ஆண்டுத் தரவு வேண்டும்? விலகலை இரண்டால் பெருக்கி, கூடுதலால் வகுத்து, வர்க்கப்படுத்துங்கள்: 30-ஐ 5-ஆல் வகுத்தால் 6, வர்க்கம் 36. முப்பத்தாறு ஆண்டுகள். மூன்றாண்டுச் சாதனையை வைத்துக்கொண்டு ஒருவரின் திறமையைத் தீர்ப்பது முடியாத காரியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். நல்ல எண் என்பதால் சேருவதும், ஒரு மோசமான ஆண்டுக்காக விலகுவதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

அதனால் லாப எண்ணைவிட அறிக்கைகளைப் படிப்பது மேல். அதில்தான் நிறையத் தகவல் இருக்கிறது. ஈராண்டுக்கு முந்தைய பரிந்துரை அறிக்கைகள் பத்தைக் கேட்டு வாங்குங்கள். நல்ல மடல்கள் பழைய அறிக்கைகளைத் தருவதற்குத் தயங்குவதில்லை. ஒவ்வொன்றிலும் அவர்கள் எழுதிய விற்பனை வளர்ச்சி, லாப விகிதம், கடன் குறையும் காலம் ஆகிய கணிப்புகளைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனங்களின் பிந்தைய ஆண்டறிக்கைகளோடு ஒப்பிடுங்கள். பத்து அறிக்கைக்கு மூன்று கணிப்பு என்றால் முப்பது சோதனைகள். பங்கு விலை சந்தையின் மனநிலையால் ஏறி இறங்கும். ஆனால் "இரண்டாண்டில் விற்பனை ₹800 கோடியாகும்" என்று எழுதியவர் ₹780 கோடிக்கு அருகில் வந்தாரா, ₹500 கோடியில் நின்றாரா என்பதில் அந்த ஆளின் தரம் தெரியும். ஒரு சனி, ஞாயிறு போதும் இந்த வேலைக்கு. அறிக்கையில் கணிப்பே இல்லாமல் "அரசின் உள்கட்டமைப்புச் செலவால் இத்துறைக்கு ஒளிமயமான எதிர்காலம்" என்ற நடையில் மட்டும் இருந்தால் சோதிக்கவே ஒன்றுமில்லை. அதுவே பதில்.

படிக்கும்போது நான் தேடச் சொல்லும் சில இடங்கள்: லாபம் காட்டும் நிறுவனத்தில் இயக்கப் பணவரத்து (தொழிலிலிருந்து உண்மையில் கைக்கு வரும் பணம்) கூடவே வருகிறதா என்று எழுதியிருக்கிறாரா? கடனுக்கு விற்ற பணம் வசூலாகும் நாட்கள் கூடுகிறதா? புரமோட்டர் (நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் உரிமையாளர்) பங்குகளில் எவ்வளவு அடமானம்? உறவு நிறுவனங்களோடு வரவு செலவு? ஆடிட்டர் ஆண்டின் நடுவில் விலகினாரா? இவை எல்லாம் ஆண்டறிக்கையிலும் பிஎஸ்இ, என்எஸ்இ அறிவிப்புகளிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ₹12,000 வாங்குபவர் இவற்றைப் பார்க்காமல் நிர்வாகத்தின் பேச்சை மட்டும் சுருக்கித் தந்தால், அந்த உழைப்பு நீங்களே செய்யக்கூடியது. இன்னொன்று, "எது நடந்தால் என் கணிப்பு தவறு என்று ஒப்புக்கொள்வேன்" என்ற வரி அறிக்கையில் இருக்க வேண்டும். அந்த வரி இல்லாதவர் விற்கச் சொல்லவே மாட்டார். விற்கச் சொன்ன அறிக்கைகளைத் தனியாகக் கேளுங்கள். வாங்கச் சொன்னதற்கு எட்டுப் பக்கமும் விற்கச் சொன்னதற்கு இரண்டு வரியும் இருந்தால், மடலின் உழைப்பு சந்தாதாரரைச் சேர்ப்பதற்குப் போகிறது, காப்பாற்றுவதற்கு அல்ல.

அறிக்கையின் கடைசியில் வரும் சிறிய எழுத்துகளையும் படியுங்கள். ஆய்வாளருக்கோ உறவினருக்கோ அந்த நிறுவனத்தில் பண ஈடுபாடு உண்டா, 1% அல்லது அதற்கு மேல் பங்கு உண்டா, கடந்த 12 மாதத்தில் அந்த நிறுவனத்திடமிருந்து பணம் வாங்கினாரா என்பதைச் சொல்லியாக வேண்டும். பரிந்துரை வெளியாவதற்கு 30 நாள் முன்பும் 5 நாள் பின்பும் அந்தப் பங்கில் அவர் வர்த்தகம் செய்யக்கூடாது என்பதும் விதி.

சின்னப் பங்கும் பெரிய கூட்டமும்

ஆய்வாளர் வர்த்தகம் செய்யக்கூடாது என்ற அந்த விதி ஏன் வந்தது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பெருக்கல் போதும். மடலுக்கு 5,000 சந்தாதாரர்கள். ஆளுக்கு ₹20,000 போட்டால் ₹10 கோடி. பரிந்துரைத்த ஸ்மால்கேப் பங்கு நாளொன்றுக்கு ₹1 கோடிக்குத்தான் கைமாறுகிறது. பத்து நாள் வியாபாரம் ஒரே காலையில் வந்து நிற்கிறது. 9.15-க்குச் சந்தை திறந்ததும் பங்கு அப்பர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் ஏற அனுமதிக்கப்பட்ட உச்ச விலை) பூட்டிக்கொள்ளும்; விற்பவர் இருக்கமாட்டார். மூன்றாம் நாள் உங்களுக்குக் கிடைக்கும்போது பரிந்துரை விலையைவிட 12% மேலே. மடலின் சாதனைப் பட்டியலில் மட்டும் பழைய விலை. ஒரு பங்கு ஏறியது நிறுவனம் நன்றாக இருப்பதாலா, மடல் வந்ததாலா என்று பிரித்துச் சொல்லவே முடியாமல் போகிறது. விற்கச் சொல்லும் நாளில் இதே கதை தலைகீழாக: லோயர் சர்க்யூட், வாங்க ஆளில்லை. அதனால் பழைய பரிந்துரைகளை எடுத்து, மடல் வந்த நாளுக்கு முன் ஒரு மாதத்தின் சராசரி அன்றாட வியாபார மதிப்பைப் பாருங்கள். என்எஸ்இ தளத்தில் கிடைக்கும். பல பரிந்துரைகளில் அது ₹2, 3 கோடிக்குக் கீழே இருந்து, மடலுக்கு ஆயிரக்கணக்கில் சந்தாதாரர்களும் இருந்தால், ஆய்வு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த மடல் உங்களுக்குப் பயன்படாது.

இதையே திட்டமிட்டுச் செய்தால் அது மோசடி. 2022-இல் சாதனா பிராட்காஸ்ட் என்ற சின்ன நிறுவனத்தின் பங்கைப் பற்றி யூடியூப் சேனல்களில் பொய்யான காணொளிகள் வந்தன. அதானி குழுமம் அதை வாங்கப்போகிறது என்பது அவற்றில் ஒரு பொய். காணொளிகளைப் பரப்பக் காசு கொடுத்து விளம்பரமும் செய்தார்கள். சிறு முதலீட்டாளர்கள் அலைமோதி வாங்க, ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் ஏறிய விலையில் விற்று வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் செபி இடைக்கால உத்தரவு போட்டுப் பலரைச் சந்தையிலிருந்து தடுத்தது. உத்தரவு வருவதற்குள் வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். "வகுப்பு நடத்துகிறேன், பரிந்துரை அல்ல" என்ற சாக்கு இப்போது செல்லாது. பாடம் மட்டும் நடத்துபவர் மூன்று மாதத்துக்கு உட்பட்ட விலைகளைக் காட்டி ஒரு பங்கைப் பற்றிப் பேசக்கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவுபடுத்திவிட்டது.

ஆப்ஷன் வர்த்தகத்துக்குப் பரிந்துரை தரும் சேவைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2024-25 நிதியாண்டில் பங்கு டெரிவேட்டிவில் (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) வர்த்தகம் செய்த தனிநபர்களில் 91% பேர் நஷ்டப்பட்டார்கள், நிகர நஷ்டம் ₹1.05 லட்சம் கோடிக்கு மேல் என்பது செபியின் சொந்த ஆய்வு. புதியவருக்கு அந்தச் சந்தா எந்த விலைக்கும் கூடாது.

நல்ல மடலிலும் சந்தாதாரர் தோற்கும் விதம்

ஒரு மடல் 20 பங்குகள் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பங்குகள் தலா 300% ஏறுகின்றன, எட்டு தலா 20%, மீதிப் பத்தும் தலா 20% இறங்குகின்றன. எல்லாவற்றையும் சம அளவில் வாங்கியவருக்குச் சராசரி 28% லாபம். அந்த இரண்டையும் விட்டவருக்கு மற்ற பதினெட்டில் 2% அளவுக்கு நஷ்டம். பெரும்பாலோர் இருபதையும் வாங்குவதில்லை; பிடித்த ஐந்தை எடுப்பார்கள். இருபதில் ஐந்தைக் குருட்டாம்போக்கில் எடுத்தால் இரண்டு பெரிய பங்குகளும் கைநழுவ 55% வாய்ப்பு. மடல் சொன்னது பொய்யல்ல, ஆனால் அதே மடலின் பாதிக்கு மேற்பட்ட சந்தாதாரர்களுக்கு அந்த லாபம் கிடைத்திருக்காது. பங்குச் சந்தையின் இயல்பே இப்படித்தான். அமெரிக்காவில் 1926 முதல் 2016 வரையிலான பங்குகளை ஆராய்ந்தபோது, நிகரச் செல்வம் முழுவதையும் உருவாக்கியது ஏறக்குறைய 4% நிறுவனங்கள்தான் என்று தெரியவந்தது.

இருபதையும் வாங்க ₹2 லட்சம் என்றால் பங்குக்கு ₹10,000. நம்ம சென்னை எம்ஆர்எஃப் பங்கு ஒன்றின் விலையே 2023 ஜூனில் ₹1 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அது மாதிரி ஒன்று பட்டியலில் வந்தால் சம அளவு என்பதே நடக்காது. சிறிய முதலீடு, பெரிய மடல் இரண்டும் ஒட்டாது என்பதற்கு இன்னொரு காரணம் இது.

மடலுக்கு உங்களைத் தெரியாது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு மகள் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்த பணமா, இருபது ஆண்டுக்கு வேண்டாத பணமா என்று ரிசர்ச் அனலிஸ்ட் கேட்பதில்லை. அது அவர் வேலையும் அல்ல.

தொகை போதுமானதாக இருந்து, சேர்ந்தே ஆக வேண்டும் என்றால்

குறைந்த காலத் திட்டத்தில் சேருங்கள். மூன்று மாதம் போதும். ஓராண்டுக்கு மேல் முன்பணம் வாங்க விதி இடம் தரவில்லை. "ஆயுள் சந்தா" என்று மொத்தமாகக் கேட்பவர் அந்த விதியையும் மீறுகிறார். தனிநபர் குடும்பத்துக்கு ஆண்டுக் கட்டண உச்சவரம்பு ₹1,51,000. இடையில் விலகினால் மீதிக் காலத்துக்கான பணத்தை விகிதப்படி திருப்பித் தர வேண்டும். "நோ ரீஃபண்ட்" என்று தளத்தில் எழுதியிருந்தால் சேரும் முன்பே அதைச் சுட்டிக்காட்டி எழுத்தில் பதில் வாங்குங்கள். அவர் பதில் சொல்லும் தோரணையும் ஒரு தகவல். தானாகப் புதுப்பிக்கும் யுபிஐ ஆட்டோபே இருந்தால் முதல் நாளே ரத்து செய்துவிடுங்கள்.

அந்த மூன்று மாதமும் பணம் போட வேண்டாம். ஒரு ஷீட்டில் எழுதுங்கள்: மடல் வந்த தேதி, நேரம், அவர்கள் சொன்ன விலை, மறுநாள் முடிவு விலை, அன்றைய வியாபார மதிப்பு, அதே நாளின் நிஃப்டி 500 டிஆர்ஐ. உங்கள் வாங்கும் விலை மறுநாள் முடிவு விலைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன விலைக்கும் அதற்கும் சராசரியாக 3%-க்கு மேல் இடைவெளி வந்தால் அந்த மடலின் சாதனை உங்களுக்கு எட்டாது. மூன்று மாதத்தில் லாப நஷ்டம் தெரியாது. இடைவெளி தெரியும், எழுத்தின் தரம் தெரியும், சரிந்த பங்கைப் பற்றி வாயைத் திறக்கிறார்களா என்பது தெரியும்.

தொடர்ந்தால், மொத்தப் பங்கு முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இதில் வைக்காதீர்கள். மீதி இண்டெக்ஸ் ஃபண்டில் இருக்கட்டும். டிமேட் கணக்கின் பாஸ்வேர்டு, ஓடிபி, லாபத்தில் பங்கு, "நாங்களே உங்கள் கணக்கில் வாங்கி விற்கிறோம்" ஆகிய எதையும் ஆய்வாளர் கேட்க உரிமையில்லை. கேட்ட அன்றே விலகுங்கள்.

பணம் கட்டிய ரசீது, ஒப்புக்கொண்ட நிபந்தனைகள், வந்த ஒவ்வொரு மடல், குரல் அழைப்பு நடந்த தேதி எல்லாவற்றையும் சேமித்து வையுங்கள். தகராறு வந்தால் முதலில் ஆய்வாளருக்கு எழுத்தில் புகார். தீராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் பதியலாம். அவர் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் தீராவிட்டால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற இணையவழித் தகராறு தீர்வுத் தளம் வழியாகச் சமரசத்துக்கும் நடுவர் தீர்ப்புக்கும் போகலாம். செபியின் இலவசத் தொலைபேசி எண் 1800 22 7575. பதிவே இல்லாத ஆளிடம் பணம் போயிருந்தால் ஸ்கோர்ஸில் காத்திருக்க வேண்டாம்; உடனே 1930-க்கு அழைத்துச் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு இருக்கும்.